பாத்திரம் கழுவப் பிரான்ஸுக்குப் போனேன்

போன கோடையில் நான் பிரான்ஸில் தேஸே என்ற ஊரில் தன்னார்வலராக இருந்தேன் என்று தெரிந்ததிலிருந்து, நம் சபை வாலிபர் குழுவில் இருக்கிற தம்பி தங்கைகள் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே என்ன வேலை, எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், அது கத்தோலிக்கருடையதா நம்முடையதா... ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் அனுப்புவதைவிட உட்கார்ந்து ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நீளமாகத்தான் வரும். டீயைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஊர். பிரான்ஸின் கிழக்குப் பக்கம், பர்கண்டி வட்டாரத்தில், ஒரு குன்றின்மேல் இருக்கிற சின்னக் கிராமம். பத்து கிலோமீட்டர் தள்ளி க்ளூனி; 910-இல் தொடங்கி ஐரோப்பா முழுக்கச் செல்வாக்கோடு இருந்த பெரிய மடத்தின் ஊர். மாக்கோன் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். வழியெல்லாம் மேய்ச்சல் நிலமும் வெள்ளை மாடுகளும்தான். குன்று ஏறியதும் கூடாரங்கள், மரக்கொட்டகைகள், எங்கே பார்த்தாலும் வாலிபப் பிள்ளைகள். ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை ஒரு முகாம். ஒரு கூட்டம் கிளம்பும்போதே அடுத்த கூட்டம் வந்து இறங்கும். கோடையில் ஒரு வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

இதை நடத்துகிறவர்கள் துறவிகள். ஏறக்குறைய முப்பது நாடுகளைச் சேர்ந்த சகோதரர்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, பல புராட்டஸ்டன்ட் சபைகளிலிருந்து வந்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே கூரையின்கீழ் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து வாழ்வது என்பதே அவர்களுடைய முக்கியமான சாட்சி. அதனால் "யாருடையது" என்று கேட்ட தங்கைக்குப் பதில்: இரண்டு பேருடையதும்தான்.

எனக்கு இந்த ஊரின் பெயர் சின்ன வயதிலேயே பழக்கம். 1985 கடைசியில் மெட்ராஸில் தேஸே சகோதரர்கள் பெரிய வாலிபர் கூடுகை ஒன்று நடத்தினார்கள். பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து ரயிலேறிப் போனவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அவர் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிரசங்கத்தைப் பற்றிச் சொன்னதே இல்லை. பாட்டையும், பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்ததையும்தான் சொல்வார். "அத்தனை பேரு இருந்தும் ஒரு சத்தமில்ல பாத்துக்கோ" என்பார். ஜெர்மனியில் படிக்கப் போன பிறகு, தேஸே ஒரு பகல் பயணத் தூரத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. முதலில் விருந்தாளியாக ஒரு வாரம் போய்ப் பார்த்தேன். அடுத்த கோடையில் தன்னார்வலராக வருகிறேன் என்று எழுதிக் கேட்டேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது: "பிரசங்கம் பண்ணவா மக்களே?"

இல்லம்மா, வேலை செய்ய என்றேன். என்ன வேலை என்று கேட்டார்கள். சாப்பாடு பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, கழிப்பறை சுத்தம் செய்வது, வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது என்று வரிசையாகச் சொன்னேன். "அதுக்கு அங்க ஆளு வெச்சிருக்க மாட்டாவளா?" என்றார்கள்.

இந்த முழுப் பதிவும் அம்மாவின் அந்தக் கேள்விக்கான பதில்தான் என்றுகூடச் சொல்லலாம். தேஸேயில் ஆள் வைத்திருக்கவில்லை. அத்தனை ஆயிரம் பேருக்கும் உணவு பரிமாறுவதும் பாத்திரம் கழுவி வைப்பதும் அந்த வாரம் வந்திருக்கிற பிள்ளைகளேதான். வந்து சேர்ந்த அன்றைக்கே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை ஒதுக்கப்படும். அதை ஒருங்கிணைக்கத்தான் எங்களைப் போலச் சில வாரங்கள், சில மாதங்கள் தங்குகிற தன்னார்வலர்கள். சிலர் ஒரு வருடம்கூட இருக்கிறார்கள். பெண் தன்னார்வலர்கள் தனியாக, ஆண்கள் தனியாகத் தங்குவோம். எங்களைப் பார்த்துக்கொள்ள பக்கத்து ஊரில் வாழும் புனித அந்திரேயா சபைச் சகோதரிகள் இருந்தார்கள். வாரம் ஒருமுறை உட்கார வைத்துப் பேசுவார்கள். வேலை எப்படி, தூக்கம் எப்படி, ஜெபம் எப்படி என்று இந்த வரிசையிலேயே கேட்பார்கள்.

என் முதல் வேலை வரவேற்பு. அங்கே 'காஸா' என்று ஒரு கட்டடம் இருக்கிறது. வருகிறவர் எல்லோரும் முதலில் அங்கேதான் வரவேண்டும். ஞாயிறு மதியம் பஸ்கள் வந்து நிற்க ஆரம்பித்தால் மாலை வரை ஓயாது. ஜெர்மன் சபைக் குழுக்கள்தான் அதிகம். பிறகு பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, ஸ்வீடன், ஒற்றை ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டு கொரியாவிலிருந்து வருகிறவர். ஒவ்வொருவரையும் வாசலில் நின்று கூட்டிவந்து, உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, எங்கே படுக்கை, எப்போது ஜெபம், எங்கே சாப்பாடு என்று பொறுமையாகச் சொல்லவேண்டும். கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வாரம் என்ன வேலை எடுத்துக்கொள்கிறீர்கள்?

நான் ஜெர்மனிக்குப் போனதிலிருந்து எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவள். கடவுச்சீட்டு, குடியிருப்பு அனுமதி, வங்கிச் சான்று என்று கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உச்சரிப்பு சரியாக வருகிறதா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்பவள். இங்கே முதல் வாரமே என்னை மேசைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். இந்த ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத நாகர்கோவில்காரி, ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து வந்த போதகரையும் அவருடைய பிள்ளைகளையும் "வாங்க, களைப்பா இருப்பீங்க" என்று ஜெர்மன் மொழியில் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். அந்தப் போதகர் என்னிடம் எந்த நாடு என்று கேட்கவில்லை. "நாங்க எங்க தூங்கணும்மா?" என்கிற தொனியில் தங்குமிடத்தைத்தான் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அந்நியரை வரவேற்கும் வேலையை இன்னொரு அந்நியரிடம் கொடுப்பது ஏதோ தற்செயலாக நடப்பது இல்லை. அந்த ஊரின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. இந்தச் சமூகத்தைத் தொடங்கிய சகோதரர் ரோஜர் சுவிட்சர்லாந்துக்காரர், போதகர் வீட்டுப் பிள்ளை. 1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றுக் கிடந்த நேரத்தில், தன் 25-வது வயதில் சைக்கிளில் இந்த ஊருக்கு வந்து ஒரு வீட்டை வாங்கினார். ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட பகுதியையும் மற்ற பகுதியையும் பிரித்த கோடு பக்கத்திலேயே போனது. தப்பித்து ஓடிவந்தவர்களை, யூதர்கள் உட்பட, அந்த வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். உதவிக்கு அவருடைய அக்கா ஜெனிவியேவ் வந்து சேர்ந்தார். விஷயம் வெளியே தெரிந்து, 1942-இல் அங்கே இருக்க முடியாத நிலை வந்தது. 1944-இல்தான் திரும்ப முடிந்தது. திரும்பி வந்தவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். இப்போது தோற்றது ஜெர்மனி. ஜெர்மன் போர்க் கைதிகளை அந்த வட்டாரத்திலேயே முகாம்களில் அடைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை அதே வீட்டுக்குக் கூப்பிட்டு, இருந்ததைப் பங்கிட்டுக் கொடுத்தார். ஊரில் கோபம் இருந்திருக்கும்தானே. இருந்தும் செய்தார்.

1949 ஈஸ்டரில் ஏழு பேர் வாழ்நாள் பொருத்தனை எடுத்து சகோதரர்களானார்கள். வாலிபர்கள் வரத் தொடங்கி, ஊரில் இருந்த பழைய சின்னக் கோயில் போதவில்லை. இன்று அங்கே ஜெபம் நடக்கிற ஒப்புரவு ஆலயத்தை 1962-இல் கட்டி முடித்தவர்கள் ஜெர்மன் இளைஞர்கள். போரில் தங்கள் நாடு செய்த அழிவுக்குப் பிராயச்சித்தமாக, பாதிக்கப்பட்ட நாடுகளுக்குப் போய் உடலுழைப்பு கொடுத்த ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தேஸேக்கு வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய வந்த வாலிபர் என்றால் எங்களுக்கெல்லாம் மூத்தவர்கள் அவர்கள்தான். 2015-இல், கலே துறைமுகம் பக்கம் தெருவில் கிடந்த சூடான், ஆப்கானிஸ்தான் இளைஞர்கள் சிலரை சகோதரர்கள் தங்கள் குன்றுக்கே அழைத்து வந்து தங்க வைத்தார்கள். 1940-இல் திறந்த கதவை அவர்கள் சாத்தவே இல்லை என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். இரண்டாவது வாரத்திலிருந்து எனக்கு அந்த வேலைதான்.

சாப்பாடு மிக எளிமை. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன். கத்தி, முள்கரண்டி எதுவும் கிடையாது. காலையில் ரொட்டி, வெண்ணெய், சாக்லேட் துண்டு. கைப்பிடி இல்லாத அந்தக் கிண்ணத்தில் சூடாக டீ. மதியமும் இரவும் பருப்போ, பாஸ்தாவோ, மசித்த உருளைக்கிழங்கோ, கூட ஒரு பழம். காரம் என்கிற பேச்சே இல்லை. அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு போலந்துப் பெண்ணும் நானும் பங்கிட்டுத் தீர்த்தோம். பரிமாறுவதற்கு முன்னால் வரிசையில் நிற்கிற எல்லோரும் ஒரு பாட்டு பாடுவார்கள், அதுதான் சாப்பாட்டு ஜெபம்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டு தனி, கிண்ணம் தனி, ஸ்பூன் தனி என்று மலைமலையாகக் குவியும். பெரிய தொட்டிகளில் வெந்நீர். முதல் தொட்டியில் சோப்பு, அடுத்ததில் அலசுவது, அதற்கடுத்து துடைக்கிற கைகள். ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு தொட்டியின் இரண்டு பக்கமும் நிற்போம். முதல் நாள் பிள்ளைகள் தங்கள் குழுக்காரரோடேயே ஒட்டி நிற்பார்கள். ஸ்பானியர் ஸ்பானியரோடு, ஸ்வீடன்காரர் ஸ்வீடன்காரரோடு. என் வேலை அதைக் கலைப்பது. சோப்புத் தொட்டியில் இரண்டு ஸ்பானியர், அலசுவதற்கு இரண்டு ஸ்வீடன், துடைக்க ஒரு ஹங்கேரி என்று நிறுத்திவிட்டால் போதும். தட்டு ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகவேண்டும், அதனால் ஒருவரை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். வேகம் கூடினால் அலசுகிறவர் கத்துவார், குறைந்தால் துடைக்கிறவர் கிண்டல் செய்வார். புதன்கிழமை ஆகும்போது யாராவது ஒரு பாட்டை ஆரம்பிப்பார்கள், தொட்டி முழுக்க அது தொற்றிக்கொள்ளும். சிலசமயம் ஜெபப் பாட்டு, சிலசமயம் சினிமாப் பாட்டு. நான் ஒரு தமிழ்ப் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். மூன்று நாடுகளைச் சேர்ந்த பிள்ளைகள் ழகரத்தோடு மல்லுக்கட்டினார்கள்.

காலை வேதப் படிப்புக்குப் பிறகு சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசுவது அங்கே உண்டு. அதில் வாயே திறக்காத பிள்ளைகள் தொட்டியடியில் பேசினார்கள். வீட்டில் அப்பா அம்மா பிரிந்தது, சபையில் தன் வயதுக்கு வேறு யாருமே இல்லாதது, ஜெபிக்கும்போது எதிரில் ஒன்றும் இல்லாதது போல் இருப்பது. கை வேலையாக இருக்கும்போது வாய்க்குப் பயம் குறைகிறது போலிருக்கிறது. நான் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை. அடுத்த தட்டை வாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெபத்தைப் பற்றியும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் ஏதோ விடுதி வேலை மாதிரி ஆகிவிடும். காலை 8.15, மதியம் 12.20, இரவு 8.30. மணி அடித்தால் எல்லா வேலையும் அப்படியே நிற்கும். ஆலயத்துக்குள் பெஞ்சு கிடையாது, நம் ஊர்க் கோயில்களில் முன்பு பாயில் உட்கார்ந்தது போல எல்லோரும் தரையில்தான். வெள்ளை அங்கி போட்ட சகோதரர்கள் நடுவில் வரிசையாக, அவர்களைச் சுற்றிலும் பிள்ளைகள். முன்னால் ஆரஞ்சு நிறத் துணிகள், செங்கல்களுக்குள் எரிகிற மெழுகுவர்த்திகள். பிரசங்கமே கிடையாது. வேத வாசிப்பு, பாட்டு, பிறகு நீண்ட அமைதி, மறுபடி பாட்டு. பாட்டுகள் ஒன்றிரண்டு வரிதான். லத்தீன், ஸ்பானிஷ், ஜெர்மன் என்று பல மொழிகளில் திரும்பத் திரும்பப் பாடுவோம். அவற்றில் பெரும்பகுதிக்கு இசையமைத்தவர் 1994-இல் காலமான ஜாக் பெர்த்தியே. நாலு பாகத்தில் பாடிப் பழகிய நம் பாடகர் குழு அங்கே போனால் முதல் ஜெபத்திலேயே சேர்ந்துகொள்ளலாம்.

அந்த அமைதியின்போது ஆயிரக்கணக்கான பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அசையாமல் இருக்கிறார்கள். சித்தப்பா சொன்னதை நான் அதுவரை பாதிதான் நம்பியிருந்தேன். வெள்ளி இரவு சிலுவைப் படத்தைத் தரையில் கிடத்தி வைப்பார்கள். விருப்பமுள்ளவர்கள் முழங்காலில் போய் அதன்மேல் நெற்றியை வைத்து ஜெபிப்பார்கள். நள்ளிரவு தாண்டியும் வரிசை இருக்கும். சனி இரவு எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி, உயிர்த்தெழுதலின் ஜெபம். ஒவ்வொரு வாரமும் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் வந்து போகும்.

இதே ஆலயத்தில் 2005 ஆகஸ்ட் 16 அன்று, மாலை ஜெபத்தின் நடுவில், மனநலம் குன்றிய ஒரு பெண் சகோதரர் ரோஜரைக் கத்தியால் குத்திக் கொன்றார். ரோஜருக்கு அப்போது 90 வயது. அதற்குப் பிறகும் வாசலில் பையைத் திறந்து சோதிக்கும் ஆட்கள் அங்கே அதிகாரமாக நிற்பதை நான் பார்க்கவில்லை. 'அமைதி' என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தன்னார்வலப் பிள்ளைகளைத்தான் பார்த்தேன். அந்தப் பலகையை நானும் பிடித்திருக்கிறேன்.

பிள்ளைகளை அனுப்ப யோசிக்கிற பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 2019-இல், அப்போது சமூகத்தின் தலைவராக இருந்த சகோதரர் அலோயிஸ், பல பத்தாண்டுகளுக்கு முன்பு சில சகோதரர்கள் இளையோரிடம் செய்த பாலியல் குற்றங்களைத் தாமே வெளியில் அறிவித்தார். படித்தபோது நெஞ்சு பதறியது. நான் நேசிக்கிற இடம் என்பதற்காக இதை எழுதாமல் விட என் மனசு ஒப்பவில்லை. மூடி வைக்காமல் சொன்னதால்தான் என் தங்கையை அங்கே அனுப்ப எனக்குத் தைரியம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பொறுப்பான பெரியவர் இல்லாமல் வர முடியாது. நம் ஊர் முகாம்களிலும் இதே கண்டிப்பு வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நம் ஊர் முகாம் என்றதும் என் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். குற்றாலத்திலோ கொடைக்கானலிலோ வாலிபர் முகாம் போடுகிறோம். சமையலுக்குக் கான்ட்ராக்ட். பேச வெளியூரிலிருந்து ஒரு ஐயா. பிள்ளைகள் காலை முதல் இரவு வரை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார்கள், எழுந்து போய்ச் சாப்பிடுகிறார்கள், மறுபடி வந்து கேட்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்து, கடைசி நாள் வரை புதிய பிள்ளையாகவே இருந்துவிட்டுப் போகிறது. பிள்ளைகள் சபையில் நிலைக்க மாட்டேன் என்கிறார்களே என்று பிறகு கமிட்டியில் வருத்தப்படுகிறோம்.

ஆனால் நமக்கு வேறு வழி தெரியாதா என்ன? அசனப் பண்டிகையை யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் ராத்திரி கோயில் வளாகத்தில் விளக்குப் போட்டு, பாய் விரித்து, வெங்காயம் உரிக்கிற பாட்டிக்குப் பக்கத்தில் காலேஜ் பையன் உட்கார்ந்திருப்பான். தேங்காய் துருவுகிறவர், விறகு அடுக்குகிறவர், வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடுகிறவர். பணக்காரர் ஏழை பார்க்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் இந்தச் சபைக்குச் சொந்தக்காரி என்று முதன்முதலாக உணர்ந்தது ஞாயிறு பள்ளியில் இல்லை, அசனத்தன்று யாரோ ஒரு பெரியம்மா என் கையில் ரசவாளியைக் கொடுத்து "அந்தக் கடைசி வரிசைக்குப் போ" என்று அனுப்பியபோதுதான். தேஸேயில் நான் கண்டது ஒவ்வொரு வாரமும் நடக்கிற அசனம். வருஷத்துக்கு ஒருமுறை நமக்குத் தெரிகிற விஷயம், வாலிபர் முகாமில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

இனி, கேட்டவர்களுக்கான விவரம். முதலில் ஒரு வாரம் பங்கேற்பாளராகப் போங்கள், பிறகு தன்னார்வலராகக் கேளுங்கள். பதிவெல்லாம் அவர்களுடைய இணையதளத்திலேயே. பங்கேற்புக் கட்டணம் நீங்கள் வசிக்கிற நாட்டைப் பொறுத்துக் கூடும், குறையும். சகோதரர்கள் தங்களுக்கென்று நன்கொடை வாங்குவதில்லை. மண்பாண்டம், புத்தகம் என்று தங்கள் உழைப்பில்தான் வாழ்கிறார்கள். தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களுக்கு விசா வேண்டும். அதற்குப் பல மாதம் முன்பே அவர்களுக்கு எழுதுங்கள். உங்கள் சபைப் போதகர் உங்களைப் பற்றி எழுதித் தருகிற கடிதம் உதவும். போகும்போது உறங்கும் பை, டார்ச், மழைக்கோட்டு, ஒரு தடித்த ஸ்வெட்டர். ஆகஸ்டிலும் ராத்திரி குளிரும். ஊறுகாயை நன்றாகக் கட்டி எடுத்துப் போங்கள்.

போக முடியாதவர்களுக்கு ஒரு விஷயம். வரும் மே மாத முகாமைப் பற்றி நம் செயலாளர் அண்ணனிடமும் போதகர் ஐயரிடமும் பேசிவிட்டேன். கான்ட்ராக்ட் சமையல் இந்த முறை இல்லை. இரண்டு அம்மாக்கள் மேற்பார்க்க, ஆறு குழுவாகப் பிரிந்து நாமே செய்கிறோம். முதல் நாள் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்க மூன்று பேர் தேவை. மூன்று பேரும் இந்த வருஷம் சபைக்குப் புதிதாக வந்தவர்களாகவே இருக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். பெயர் கொடுக்கிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணனைப் பாருங்கள். பாத்திரத் தொட்டிக்கு நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.